சனிக்கிழமை ஊர், ஞாயிற்றுக்கிழமை ஊர்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சிற்றூர்களுக்கு இரண்டு சரித்திரங்கள் உண்டு. ஒன்று சனிக்கிழமைகளின் சரித்திரம். மற்றது ஞாயிற்றுக்கிழமைகளின் சரித்திரம். முதலாவதில், சுற்றுப்புறத்து விவசாயி வாரத்துக்கு ஒரு முறை ஊருக்கு வந்து முட்டையும் பாலாடையும் விற்று, மளிகை வாங்கி, நாலு பேரைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். இரண்டாவதில், நகரத்துக்காரன் குடும்பத்தோடு காரில் வந்து, அந்த ஊர் காட்டுகிற ஏதோ ஒன்றைப் பார்த்து, சாப்பிட்டு, இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்கிறான். முன்னவனுக்கு ஊர் தேவைப்பட்டது. பின்னவன் ஊருக்குத் தேவைப்படுகிறான். இந்தத் தலைகீழ் மாற்றம் நூறு வருஷத்துக்குள் நடந்து முடிந்திருக்கிறது. 'ஒரு நாள் உல்லாசப் பயணம்' என்ற சாதாரண விஷயத்துக்கு அடியில் இந்தச் சரித்திரம் கிடக்கிறது என்பதே நான் சொல்ல வருவது.

நம்மில் பலருக்கு அயோவா என்றால் அயோவா சிட்டிதான். 1967ல் பால் எங்கிளும் ஹுவாலிங் நியேயும் அங்கே தொடங்கிய சர்வதேச எழுத்தாளர் திட்டம், 1973ல் அதில் கலந்துகொண்ட அசோகமித்திரன், அந்த அநுபவத்திலிருந்து பிறந்த 'ஒற்றன்!' - இவற்றோடு நமது அயோவா முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் மக்காச்சோளம். நான் அங்கே போனவனல்ல. அங்கே வேலையிலிருக்கும் நண்பர் ஒருவர் கட்டுக்கட்டாக அனுப்பிவைத்த சுற்றுலாத் துண்டுப் பிரசுரங்களைப் படிக்க ஆரம்பித்தபோது, அவற்றில் என்ன இருக்கிறது என்பதைவிட, ஒவ்வொரு ஊரும் எப்படித் தன்னிடம் காட்ட ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது என்ற கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நமது ஜனரஞ்சகப் பத்திரிகைகளின் பயணக் கட்டுரைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி எழாது. காட்டுவதைப் பார்ப்பதே அவர்கள் தொழில்.

1

மாநிலத்தின் படத்தை விரித்தால் முதலில் கண்ணில் படுவது கட்டம். ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம். அதற்குள் 36 துண்டுகள். ஒவ்வொரு துண்டும் 640 ஏக்கர். மனிதர்கள் குடியேறுவதற்கு முன்பே நிலம் அளந்து கோடு போடப்பட்டுவிட்டது. 1846ல் அயோவா மாநிலமான பிறகு ரயில் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்தாயிரம் மைலுக்கும் அதிகமான ரயில் பாதை அந்த ஒரு மாநிலத்துக்குள் ஓடியது. ஊர்கள் ரயில் பாதையோரம் சில மைல்களுக்கு ஒன்றாக முளைத்தன. குதிரை வண்டியில் தானியத்தை ஏற்றிக்கொண்டு போய் விற்றுவிட்டு அன்றே திரும்பிவிடக் கூடிய தூரம், இதுதான் அளவு. அதாவது அந்த ஊர்களே ஒரு நாள் பயணத்தை அளவுகோலாக வைத்து உண்டானவை. பின்னால் வந்த உல்லாசப் பயணிக்கு வசதியாக அமைந்த இந்தத் தூரம் முதலில் குதிரையின் கால்களால் தீர்மானிக்கப்பட்டது.

சனிக்கிழமை இரவு கடைகள் வெகு நேரம் திறந்திருக்கும். பெண்கள் முட்டைக் காசைக் கொடுத்துத் துணி எடுப்பார்கள். ஆண்கள் நடைபாதையில் நின்று மழையைப் பற்றியும் விலையைப் பற்றியும் பேசுவார்கள். சதுக்கத்தில் பாண்டு வாசிப்பார்கள். இந்தப் பாண்டு விஷயத்தில் அயோவா தனி. 1921ல் மாநிலச் சட்டசபை, ஊர்கள் பாண்டு வாத்தியக் குழு நடத்துவதற்கென்று தனி வரி விதித்துக்கொள்ள அனுமதி தந்து ஒரு சட்டமே இயற்றியது. ஃபோர்ட் டாட்ஜ் ஊரின் கார்ல் கிங் என்ற இசைக்காரர் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே ஒரு அணிவகுப்பு இசை எழுதினார். ஜனங்கள் தங்கள் பாட்டுக்குத் தாங்களே வரி கட்டினார்கள் என்பது சின்ன விஷயமல்ல. கேட்க வந்தவர்களும் வாசித்தவர்களும் ஒரே ஊர்க்காரர்கள்.

கோடையில் இன்னொன்று நடந்தது. செடார் ராப்பிட்ஸைச் சேர்ந்த கீத் வாட்டர் 1904ல் கூடாரத்தை ஊர் ஊராகக் கொண்டுபோகும் ஷட்டாகுவா சுற்றைத் தொடங்கினார். சொற்பொழிவு, சங்கீதம், நாடகம் எல்லாம் ஒரே கூடாரத்தில். விவசாயக் குடும்பங்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து நாள் முழுக்க உட்கார்ந்திருந்தன. இதன் தரத்தைக் கேலி செய்வது சுலபம்; பலர் செய்தார்கள். ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது திசையை. உலகம் ஊருக்கு வந்தது. ஊர் தன்னை உலகத்துக்குக் காட்டிக்கொள்ளும் அவசியம் இன்னும் ஏற்படவில்லை.

வெளியிலிருந்து வந்தவர்களும் வேறு மாதிரி வந்தார்கள். 1893 கோடையில் த்வோர்ஷாக் நியூயார்க்கிலிருந்து அயோவாவின் வடகிழக்கில் உள்ள ஸ்பில்வில் என்ற சிற்றூருக்கு வந்தார். காரணம், அங்கே செக் மொழி பேசினார்கள். காலையில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகமான நாட்களில் எஃப் மேஜரில் ஒரு நால்வாத்திய இசையை எழுதி முடித்தார். 'அமெரிக்க' என்ற அடைமொழியோடு இன்று உலகமெங்கும் வாசிக்கப்படுவது அதுதான். அவர் அங்கே எதையும் பார்க்க வரவில்லை. தன் பாஷை காதில் விழ வேண்டும் என்று வந்தார். அவர் தங்கிய கட்டடம் இப்போது கடிகார மியூசியம். அவர் சம்பந்தமான காட்சிப் பொருள்களும் அங்கேயே. இப்போது போகிறவர்கள் பார்க்கத்தான் போகிறார்கள்.

சனிக்கிழமை ஊரை நான் பொற்காலமாக்கிவிட விரும்பவில்லை. அது உயிரோடிருந்தபோது அதைப் பற்றி எழுதியவர்கள் அதை மன்னிக்கவில்லை. ஒஹாயோவைச் சேர்ந்த ஷெர்வுட் ஆண்டர்சனின் 'வைன்ஸ்பர்க், ஒஹாயோ' 1919ல் வந்தது. மின்னசோட்டாவில் பிறந்த சின்க்ளேர் லூயிஸின் 'மெயின் ஸ்ட்ரீட்' 1920ல். இரண்டுமே அண்டை அயல் மாநிலங்களின் சிற்றூர்களைப் பற்றியவை. இரண்டிலும் ஊர் மனிதனை நெரிக்கிறது. சிற்றூரைப் பற்றிய கடுமையான விமர்சனம் அது வலுவாக இருந்த காலத்துக்குச் சொந்தம். ஏக்கம் அது பலவீனப்பட்ட பிறகு வருவது என்று எனக்குப் படுகிறது. இதில் ஒரு வேடிக்கை: லூயிஸின் சொந்த ஊரான சாக் சென்டர் இன்று தன் கடைத்தெருவை 'அசல் மெயின் ஸ்ட்ரீட்' என்று அழைத்துக்கொள்கிறது. வசவே விலாசமாகிவிட்டது.

2

மாற்றத்தைக் கொண்டுவந்தது சாலை. அயோவாவின் கரிய மண் பயிருக்கு நல்லது, சக்கரத்துக்கு எமன். மழை பெய்தால் கார் அச்சுவரை புதைந்துவிடும். 'அயோவாவைச் சேற்றிலிருந்து தூக்கு' என்பது அந்தக் காலத்து அரசியல் கோஷம். 1920களின் பின்பாதியில் கான்கிரீட் சாலைகள் வேகமாக வந்தன. விவசாயியைப் பக்கத்து ஊருக்குச் சுலபமாகக் கொண்டுவந்த அதே சாலை அவனை அந்த ஊரைத் தாண்டி அடுத்த பெரிய ஊருக்கும் கொண்டுபோயிற்று. பத்து மைலுக்கு ஒரு ஊர் என்ற கணக்கு அர்த்தமிழந்தது. ஷட்டாகுவா கூடாரங்களும் ஏறக்குறைய அதே வருஷங்களில் மறைந்தன. சிற்றூரின் சனிக்கிழமை உடனே சாகவில்லை; 1950கள்வரை இழுத்துக்கொண்டு கிடந்தது.

இந்தச் சாலைகளின் காலத்தில்தான், 1930ல், ஓவியர் கிராண்ட் வுட் எல்டன் என்ற ரயில்வே ஊரில் ஒரு சின்ன வெள்ளை மர வீட்டைப் பார்த்தார். அந்த எளிய வீட்டின் மேல்மாடத்தில் சர்ச்சுக்கு உரிய கூர்முனை ஜன்னல் ஒன்று. பொருத்தமில்லாத அந்த ஜன்னல் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்த வீட்டில் எப்படிப்பட்டவர்கள் இருக்கக்கூடும் என்று கற்பனை செய்து, தன் தங்கை நானையும் தன் பல் வைத்தியரையும் மாதிரிகளாக வைத்து 'அமெரிக்கன் காதிக்' படத்தை வரைந்தார். இருவரும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள்; அந்த வீட்டின் முன்னால் சேர்ந்து நிற்கவில்லை. சிகாகோ கலைக் கழகம் அதற்கு வெண்கலப் பதக்கமும் 300 டாலரும் தந்து, படத்தை வாங்கிக்கொண்டது.

எல்டனின் கதை எனக்கு முக்கியமாகப்படுவதற்குக் காரணம் உண்டு. கிராண்ட் வுட்டின் பார்வை ஞாயிற்றுக்கிழமைக்காரனின் பார்வை. வெளியிலிருந்து வந்து, ஒரு முகப்பைப் பார்த்து, உள்ளே இருப்பவர்களைக் கேட்காமல் கற்பனை செய்துகொண்டு போகும் பார்வை. அவர் அயோவாக்காரர்தான், கிராமத்தில் பிறந்தவர்தான், படமும் பெரிய படம்தான். ஆனால் அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர்கள் சரித்திரத்தில் இடம் பெறவில்லை. எல்டனை வாழவைத்த ராக் ஐலண்ட் ரயில் கம்பெனி 1980ல் மூடப்பட்டது. வீடு 1991ல் மாநிலச் சரித்திரக் கழகத்துக்குப் போயிற்று. 2007ல் பக்கத்தில் பார்வையாளர் மையம் திறந்தார்கள். அங்கே கோட்டும் முன்றானைத் துணியும் வைக்கோல் வாரும் முள்ளும் கடன் தருகிறார்கள். வாங்கி மாட்டிக்கொண்டு வீட்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். ஓவியத்தில் நிற்பவர்கள் அங்கே ஒருபோதும் சேர்ந்து நின்றதில்லை. பார்க்க வருகிறவர்கள்தான் நிற்கிறார்கள். எண்ணூறு பேர்கூட இல்லாத ஊர், ஒரு படத்தின் பின்னணியாக மீந்திருக்கிறது.

அமானாவில் இது இன்னும் கூர்மையாக நடந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு மதக் கூட்டத்தார், நியூயார்க் மாநிலத்தில் சில காலம் இருந்துவிட்டு, 1855 முதல் அயோவா ஆற்றங்கரையில் குடியேறி ஏழு கிராமங்கள் அமைத்தார்கள். சொத்து பொது. நிலம், ஆலை, கடை எல்லாம் சபைக்கு. வீடுகளில் சமையலறை கிடையாது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுச் சமையலறைகளில், ஒவ்வொன்றிலும் முப்பது நாற்பது பேருக்குச் சமைத்தார்கள். எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் இது நீடித்தது. 1932ல் பொருளாதார நெருக்கடியும் இளைய தலைமுறையின் அலுப்பும் சேர்ந்துகொள்ள, அவர்களே ஓட்டுப் போட்டு இந்த ஏற்பாட்டைக் கலைத்தார்கள். சர்ச்சு தனி, கம்பெனி தனி. உறுப்பினர்களுக்குப் பங்குப் பத்திரம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பெரிய மாற்றம்'. 1934ல் அங்கே தொடங்கிய குளிர்சாதனத் தொழில் பின்னால் நாடு முழுதும் பெயர் பெற்றது.

இன்று அமானாவுக்குப் போகிறவர்கள் சாப்பிடப் போகிறார்கள். பெரிய கிண்ணங்களில் உருளைக்கிழங்கும் கோஸும் மேஜை நடுவே வரும். ஆளாளுக்கு எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். பழைய பொதுச் சமையலறைக் கட்டடங்களில் உணவு விடுதிகளும் வந்தன. விசுவாசத்தின் பேரில் சேர்ந்து உண்டவர்களின் பந்தி, அந்த விசுவாசம் கலைந்த பிறகு, காசு கொடுத்து அநுபவிக்கும் ஒரு பாணியாக மிஞ்சியது. இதை ஏமாற்று என்று சொல்லத் தோன்றவில்லை. பொதுவுடைமை வாழ்க்கையைக் கலைத்தவர்கள் அவர்களே. அந்த உரிமை அவர்களுக்கு இருந்தது. சமையலறையில் நாள் முழுதும் உழைத்த பெண்களுக்கு 1932 விடுதலையாகவும் இருந்திருக்கக்கூடும். ஆனால் பந்தியை மட்டும் பார்த்து அமானாவைப் பார்த்துவிட்டதாக எண்ணுபவன், அந்த ஓட்டெடுப்பைப் பார்க்கவில்லை. ஊரின் சரித்திரத்தில் மிகக் கனமான நாள் அதுதான்.

3

பழமையை உற்பத்தி செய்வது என்று ஒன்று இருக்கிறது. பெல்லா ஊரை 1847ல் ஹென்ட்ரிக் ஸ்கோல்ட்டே என்ற பாதிரியாரின் தலைமையில் சுமார் 800 டச்சுக்காரர்கள் நிறுவினார்கள். 1935ல், அதாவது நெருக்கடியின் நடுவில், அவர்கள் டூலிப் விழாவைத் தொடங்கினார்கள். முதல் வருஷம் விழாவுக்குப் பூ இல்லை. மரத்தில் ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான டூலிப்களைச் செய்து வைத்தார்கள். கிழங்குகள் பிறகு நடப்பட்டன. இன்று ஊரின் மையத்தில் கட்டடங்களுக்கு டச்சு முகப்பு. 2002ல் திறந்த காற்றாலையும் உண்டு. ஆனால் பெல்லா டூலிப்பால் பிழைக்கவில்லை. ஜன்னல் செய்யும் தொழிற்சாலையும் விவசாய இயந்திரத் தொழிற்சாலையும் அங்கே இருக்கின்றன. ஊருக்கு வேறு ஜீவனம் இருப்பதால் விழா விழாவாகவே இருக்க முடிகிறது. அந்த மர டூலிப்களில் ஒரு நேர்மையும் இருந்தது. அவற்றைப் பார்த்து யாரும் பூ என்று ஏமாந்திருக்க முடியாது.

காட்டுவதற்குப் பழமையே இல்லாத ஊர்கள் என்ன செய்தன? கற்பனையைக் கடன் வாங்கின. டயர்ஸ்வில்லுக்கு அருகே சோளக் கொல்லைக்கு நடுவில் 1988ல் ஒரு சினிமாவுக்காக பேஸ்பால் மைதானம் அமைத்தார்கள். 1989ல் 'ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்' வெளியானதும் ஜனங்கள் அந்த மைதானத்தைத் தேடி வர ஆரம்பித்தார்கள். மேடிசன் கவுன்டியில் பத்தொன்பது கூரை போட்ட மரப் பாலங்கள் இருந்து ஆறு மிஞ்சியிருந்தன. 1992ல் வந்த ஒரு நாவலும் 1995ல் வந்த அதன் சினிமாவும் அவற்றைக் காதலர்களின் க்ஷேத்திரமாக்கின. பாலத்தின் தளப் பலகைகள் மழையில் உளுத்துப்போகாமல் இருக்கப் போட்ட கூரை அது. ரிவர்சைடு என்ற ஊர் இன்னும் ஒரு படி போயிற்று. 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் விண்வெளிக் கப்பல் தலைவன் அயோவாவில் பிறந்தவன் என்று கதை சொல்கிறது. அவன் 2228ல் பிறக்கப்போவது தங்கள் ஊரில்தான் என்று 1985ல் அறிவித்துக்கொண்டார்கள். சரித்திரம் கிடைக்காதபோது எதிர்காலத்திலிருந்து ஒரு நினைவுச் சின்னம்.

சிரிக்கலாம். ஆனால் 1985 என்ற அந்த வருஷத்தைச் சிரித்துக்கொண்டே தாண்டிவிட முடியாது. வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் உட்கார்ந்து பேரேடு பார்க்கிறவன் என்பதால் எனக்கு இந்தப் பகுதி தனியாக உறைத்தது. 1970களில் தானிய ஏற்றுமதி பெருகி நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. இருக்கும் நிலத்தை ஈடு காட்டி மேலும் நிலம் வாங்கினார்கள். வங்கிகளும் வாங்கச் சொல்லித் தூண்டின. 1980 ஜனவரியில் சோவியத் யூனியனுக்குத் தானியம் அனுப்புவதற்குத் தடை வந்தது. அந்த வருஷம் டிசம்பரில் அமெரிக்க வங்கிகளின் அடிப்படை வட்டி 21.5 சதவீதத்தைத் தொட்டது. அயோவாவில் 1981ல் சராசரியாக ஏக்கர் 2,147 டாலர் விற்ற நிலம் 1986ல் 787 டாலருக்கு வந்தது. பயிர் பொய்த்திருந்தால்கூடப் புரிந்துகொள்ளலாம். மண் அதே மண், விளைச்சல் அதே விளைச்சல். ஈட்டின் மதிப்பு மட்டும் மூன்றில் ஒரு பங்காயிற்று. தவணை தவறாத விவசாயியும் காகிதத்தில் திவாலானான்.

அயோவா சிட்டியிலிருந்து ரிவர்சைடுக்குத் தெற்கே போகிற வழியில், பத்து மைலுக்குள், ஹில்ஸ் என்று ஒரு சிற்றூர். 1985 டிசம்பர் 9ந் தேதி கடனில் மூழ்கிய ஒரு விவசாயி தன் மனைவியைச் சுட்டுவிட்டு, ஹில்ஸ் வங்கிக்கு வந்து அதன் தலைவரைச் சுட்டான். பிறகு இன்னொரு விவசாயியை, கடைசியில் தன்னை. நாலு உயிர். விண்வெளித் தலைவன் எங்கே பிறப்பான் என்பதைப் பார்க்கப் போகிறவர்களின் கார் இந்த ஊரை ஒட்டிப் போகிறது. நண்பர் அனுப்பிய துண்டுப் பிரசுரங்களில் ஹில்ஸ் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாவைக் காட்சியாக்குவது இன்னும் கேவலம். ஆனால் கற்பனைப் பிறப்புக்கு இடம் உண்டு, நிஜச் சாவுக்கு இடம் இல்லை என்ற ஏற்பாட்டில்தான் ஞாயிற்றுக்கிழமை ஊர் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

1935ல் அயோவாவில் 2,20,000க்கு மேற்பட்ட பண்ணைகள் இருந்தன. 2022 கணக்கெடுப்பில் 87,000க்குச் சற்றுக் குறைவு. சனிக்கிழமை இரவு நடைபாதையில் நின்று பேசியவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு இதுவே பதில்.

4

எனக்கு ஒரு சோதனை தோன்றுகிறது. பார்வையாளர்கள் வருவது நின்றுவிட்டால், ஊரில் இது நடக்குமா? எல்டனில் நடக்காது. ரிவர்சைடில் நடக்காது. பெல்லாவில் அநேகமாக நடக்கும். டாமா அருகே மெஸ்க்வாக்கி குடியிருப்பில் நிச்சயம் நடக்கும்.

மெஸ்க்வாக்கியரின் கதை கட்டம் போட்ட அந்த வரைபடத்துக்கே பதில் சொல்வது. அயோவாவிலிருந்து கான்ஸஸுக்கு அனுப்பப்பட்ட அந்தப் பழங்குடியினர் திரும்பி வந்தார்கள். 1856ல் மாநிலச் சட்டசபை அவர்கள் தங்கியிருக்க அனுமதி தந்தது. 1857ல் தாங்கள் சேர்த்த பணத்தில் 1,000 டாலர் கொடுத்து 80 ஏக்கர் வாங்கினார்கள். தங்களுடையதாக இருந்த பூமியை, தங்களை வெளியேற்றியவர்களின் அளவுகோலில், அவர்களுடைய பத்திரத்தில், விலைக்கு வாங்கினார்கள். இன்று 8,000 ஏக்கருக்கு மேல் அவர்களுக்குச் சொந்தம். 1913 முதல் ஆகஸ்ட் மாதத்தில் அங்கே 'பவ்வவ்' என்னும் நடனக் கூடல் நடக்கிறது. வெள்ளைக்காரர்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். பக்கத்திலேயே சூதாட்ட விடுதியும் இருக்கிறது. அதற்குத்தான் கூட்டம் அதிகம். ஆனால் ஆடுகிறவர்கள் முதலில் தங்களுக்காக ஆடுகிறார்கள்; சிதறிய உறவினர் திரும்பி வரும் நாள் அது. டிக்கெட் வாங்கியவன் அங்கே விருந்தாளிதான், வாடிக்கையாளனல்ல.

ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்கப் பொய் என்று முடித்துவிடவும் முடியாது. அசோகமித்திரன் அயோவா சிட்டியில் இருந்த அதே 1973ல், 'டி மாய்ன் ரெஜிஸ்டர்' பத்திரிகையின் ஜான் காராஸ், டொனால்ட் கால் என்ற இருவர் மாநிலத்தை மேற்கிலிருந்து கிழக்காக ஆறு நாளில் சைக்கிளில் கடப்பதாக எழுதி, வாசகர்களையும் வரச் சொன்னார்கள். சில நூறு பேர் வந்தார்கள். பிறகு அது வருஷாவருஷம் ஆயிரக்கணக்கானவர்கள் வரும் பயணமாகிவிட்டது. வழியில் உள்ள சிற்றூர்களுக்குக் காட்ட எதுவும் தேவையில்லை. சர்ச்சுப் பெண்கள் பழப் பணியாரம் சுட்டு விற்கிறார்கள். பாண்டு வாசிக்கிறார்கள். கடைத்தெருவில் ஜனங்கள் இருட்டும்வரை நின்று பேசுகிறார்கள். முட்டை விற்க வந்தவனுக்குப் பதிலாக, வியர்வையோடு பசித்து வந்தவன். அவனுக்கு ஊர் மெய்யாகவே தேவைப்படுகிறது: தண்ணீருக்கு, சாப்பாட்டுக்கு, படுக்கப் புல்தரைக்கு. ஒரு ராத்திரி மட்டும் அங்கே மறுபடியும் சனிக்கிழமை. அடுத்த வருஷம் பாதை வேறு ஊர்கள் வழியாகப் போகும்.